கோடையில் சென்னைப் பறவைகள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பலகாரம் முடித்து நிதானமாகக் கிளம்பி, பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு வேடந்தாங்கலில் போய் நின்றேன். ஏரியில் தண்ணீர் இறங்கியிருந்தது. மரங்களில் பழைய கூடுகள்தான் மிச்சம். வெளியே நுங்கு சீவிக்கொண்டிருந்த அம்மா என் கழுத்தில் தொங்கிய புது பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "தை மாசம் வந்திருக்கணும் தம்பி, இப்ப எல்லாம் கிளம்பிடுச்சே" என்றார். போக வர நூற்றைம்பது கிலோமீட்டர். மகளுக்குக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்த கூழைக்கடா ஒன்றுகூட இல்லை.

அடுத்த வாரம், மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் காலி மனையில் ஓர் ஆள்காட்டிக் குருவியைப் பார்த்தேன். சரளைக் கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள். அது அவற்றின் மேல் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தது. இறக்கைகளைக் கொஞ்சமாக அகற்றி, வெயில் முட்டைமேல் விழாதபடி தன் நிழலைப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி நின்றது. வீட்டிலிருந்து நாற்பது அடி தூரம். நான் நூற்றைம்பது கிலோமீட்டர் போய்த் தேடியது இங்கேயே இருந்தது.

சென்னையில் பறவை பார்ப்பது என்றாலே நவம்பர் முதல் மார்ச் வரை என்று பலரும் சொல்வார்கள். வலசை வரும் பறவைகளுக்கு அது சரி. ஆனால் இந்த ஊரிலேயே வாழும் பறவைகளில் பல கூடு கட்டுவதும், அழகான நிறத்துக்கு மாறுவதும், விடாமல் பாடுவதும் ஏப்ரல், மே, ஜூனில்தான். நான் முதல் கோடையில் பட்ட அலைச்சலும் வீணாக்கிய பணமும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த மாதம் எதற்கு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஏப்ரல் முதல் பாதி கடைசி வாய்ப்பு. பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் குளிர்காலத்தைக் கழித்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் கிளம்பிக்கொண்டிருக்கும். இன்னும் போகாமல் இருக்கும் கருவால் மூக்கனைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஜனவரியில் சாம்பல் பூசியதுபோல நின்ற அதே பறவைக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகியிருக்கும். வடக்கே போய் இணை சேருவதற்கான உடை அது. ஆறுமணிக்குருவியும் வடக்கே திரும்பும் வழியில் ஏப்ரலில் ஏதாவது தோட்டத்தில் இறங்கக்கூடும். கீழே விழுந்த இலைச்சருகைக் கிளறிக்கொண்டிருக்கும், மேலே பார்த்தால் கிடைக்காது.

ஏப்ரல் பின்பாதியிலிருந்து மே முடிய ஊர்ப் பறவைகளின் காலம். காக்கை கூடு கட்டும், குயில் அதில் முட்டையிடும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் தரையில் முட்டை வைத்திருக்கும். முக்குளிப்பான் கழுத்து செம்பழுப்பாக மாறியிருக்கும். குண்டுகரிச்சான் விடியலுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடும்.

ஜூனில் மாலை இடிமழை நாலைந்து பெய்துவிட்டால் புல் நீளும், தூக்கணாங்குருவி நார் கிழிக்கத் தொடங்கும். சுடலைக் குயிலின் குரலும் இந்தச் சமயத்தில் புறநகர்ப் பக்கம் காதில் விழும்.

வேடந்தாங்கலையும் கரிக்கிலியையும் இந்த மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள். பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க மே மாதம் வண்டி எடுப்பதும் அப்படித்தான். அந்த இடங்களைக் குறை சொல்லவில்லை, அவற்றின் பருவம் வேறு.

2. வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் ஓர் இடம்

கோடையில் இதைவிட முக்கியமான முடிவு கிடையாது. சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. மே கடைசியில் 5.45 வாக்கில் உதயம். ஒரு மணி நேரப் பயணம் என்றால் நாலரைக்கே கிளம்ப வேண்டும். அதை இரண்டு வாரம் செய்வீர்கள், மூன்றாவது வாரம் தூங்கிவிடுவீர்கள். அரைமணி நேரத்துக்குள் ஓர் இடத்தைப் பிடித்து, அதற்கே பத்துமுறை போங்கள். பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட அதிகம் கற்பீர்கள்.

நான் போய்ப் பார்த்த இடங்களைச் சொல்கிறேன்.

பள்ளிக்கரணை: துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது. சாலையோர நடைபாதையிலிருந்தே நிறையப் பார்க்கலாம். பறக்கும் ரயிலில் பெருங்குடியிலோ வேளச்சேரியிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வண்டிகள் விரட்டிக்கொண்டு போகும் சாலை இது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, தடுப்புக்கு உட்பக்கம் நில்லுங்கள். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஏழரைக்கு மேல் சத்தத்தில் எந்தக் குரலும் கேட்காது.

பெரும்பாக்கம்: சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையை ஒட்டிய நீர்நிலை. கோடையில் தண்ணீர் வற்ற வற்ற மீன் ஓரிடத்தில் குவியும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி, அன்றில் எல்லாம் அந்த மிச்சத் தண்ணீரைச் சுற்றி நிற்கும். முற்றிலும் வற்றிவிட்டால் ஒன்றும் இருக்காது. அதனால் இங்கே போவதானால் மே நடுப்பகுதிக்குள் போய்விடுங்கள்.

அடையாறு முகத்துவாரம்: பெசன்ட் நகர் பஸ் நிலையத்தில் இறங்கி ஊரூர் குப்பம் வழியாக, உடைந்த பாலம் இருக்கும் பக்கம் நடக்கலாம். இங்கே கடல் வற்றும் நேரத்தில் போக வேண்டும். தண்ணீர் இறங்கி சேறு தெரிந்தால்தான் உள்ளான்கள் மேயும். நீர்மட்ட அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்து நேரத்தை நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று: கோடையில் பல நாள் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். அப்போது அட்டவணையில் என்ன போட்டிருந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறாது, இறங்காது.

தெருவோரப் பூங்காக்கள்: மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா போல விடியற்காலையிலேயே திறக்கும் பூங்கா உங்கள் பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். தேன்சிட்டு மூன்று வகை, செம்மார்புக் குக்குறுவான், பொன்முதுகு மரங்கொத்தி, புள்ளி ஆந்தை, தையல்சிட்டு, செம்போத்து என்று சர்வசாதாரணமாக இருபது வகை தேறும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். பைனாகுலரைக் கொடுத்துக் காட்டுங்கள். எனக்குப் புள்ளி ஆந்தையின் பொந்தைக் காட்டியவர் அப்படி ஒருநாள் பைனாகுலர் வாங்கிப் பார்த்தவர்தான்.

3. அனுமதி, அடையாள அட்டை, கடிதம்

என் நேரம் அதிகம் போனது இதில்தான். இடங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வகை, எதுவும் தேவையில்லாதவை: பொதுச்சாலை, கடற்கரை, மாநகராட்சிப் பூங்கா, ஏரிக்கரை. ஆனாலும் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ ஒரு நகல் பையில் இருக்கட்டும். விடியற்காலையில் கழுத்தில் பைனாகுலரோடு நிற்கும் ஆளை ரோந்து வரும் போலீஸ்காரர் விசாரிப்பது நியாயம்தான். அட்டையைக் காட்டி, அன்றைக்கு எழுதிய பறவைப் பட்டியலையும் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீடுகள், குப்பங்கள் பக்கம் பைனாகுலரைத் திருப்பாதீர்கள். யாருக்கும் அது பிடிக்காது, பிடிக்கவும் கூடாது.

இரண்டாவது வகை, டிக்கெட்டும் நேரமும் உள்ளவை. கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூரும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டும் காலை ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கும். மே மாதத்தில் ஒன்பது மணி என்பது பறவைகள் நிழலுக்குள் போய்விடும் நேரம். மாலை போனால் கொஞ்சம் தேவலை. அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோட்டம் அருமையான இடம், ஆனால் பார்வையாளர்களுக்குக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே ஒதுக்கியிருப்பார்கள், எல்லா நாளும் திறப்பதில்லை. வாசலில் கேட்டுவிட்டு இன்னொரு நாள் போவதே நல்லது. கேமராவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. படம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வகை, எழுத்துமூல அனுமதி தேவைப்படுபவை: காப்புக்காடுகள், கிண்டி தேசியப் பூங்காவின் உட்பகுதி, வேலி போட்ட சதுப்புப் பகுதிகள், கல்லூரி வளாகங்கள். பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சாலையிலிருந்து பார்ப்பது ஒன்று, வேலி தாண்டி இறங்குவது வேறு. வேலியில் ஓட்டை இருக்கிறதே என்று இறங்கினால் அது அத்துமீறல் வழக்கு. நன்மங்கலம் காப்புக்காடும் அப்படியே.

அனுமதிக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பகுதி, எதற்காக, என்ன கருவி கொண்டுபோகிறீர்கள். வருகிற எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை நான் கொடுத்த கடிதத்தில் "பறவை பார்க்க" என்று மட்டும் எழுதியிருந்தேன். தேதியும் நேரமும் இல்லை என்று திரும்பி வந்தது. வளாகம் ஒன்றில் வாய்மொழியாகச் சரி என்று சொன்னார்கள் என்று நம்பி விடியலில் போய் நின்றேன். இரவுக் காவலருக்கு எந்தத் தகவலும் இல்லை, உள்ளே விடவில்லை. அவர் மேல் தப்பில்லை. கையில் காகிதம் இல்லாமல் போனது என் தப்பு.

முதல் கோடைக்கு மூன்றாவது வகையே வேண்டாம் என்பேன். அதற்குப் பதில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் வெளிப்பயணங்களில் சேர்ந்துகொள்ளுங்கள். அனுமதி வாங்கும் வேலையை அனுபவப்பட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புத்தகத்தில் மூன்று மாதம் படிப்பதை அவர்களோடு ஒரு காலையில் தெரிந்துகொள்ளலாம்.

4. செலவு: எதற்குச் செய்யலாம், எதற்கு வேண்டாம்

முதல் பைனாகுலரில் நான் ஏமாந்தேன். "இருபது மடங்கு பெரிதாக்கும், மடித்துப் பாக்கெட்டில் போடலாம்" என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்தேன். கையில் பிடித்தால் பறவை நடுங்கியது. விடியற்காலையில் எல்லாம் இருட்டாகத் தெரிந்தது.

வாங்க வேண்டியது 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடினால் வெளிச்சம் கூடும், மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடும். 10×42 வேண்டுமானால் சதுப்பு நிலத்துக்கு உதவும், ஆனால் பழகாத கைக்கு எட்டுதான் சுலபம். கண்ணாடி அணிபவரா? கண்ணிலிருந்து எட்டத்தில் வைத்தாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். அதற்கான அளவு (ஐ ரிலீஃப்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள், வாசலுக்கு வந்து தெருவில் தூரத்துப் பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். சுமாரானது ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். நான் இரண்டாவதாக வாங்கியது எட்டாயிரத்து ஐந்நூறு. அதை முதலிலேயே வாங்கியிருந்தால் இரண்டாயிரம் மிச்சம்.

காசு இப்போது இல்லையென்றால் பரவாயில்லை, ஒரு கோடையை வெறுங்கண்ணோடு கழியுங்கள். பூங்காவில் பாதிப் பறவைக்குக் கண்ணும் காதும் போதும்.

கேமராவும் பெரிய லென்ஸும் இந்த வருடம் வேண்டாம். படம் எடுக்கத் தொடங்கினால் பறவை என்ன செய்கிறது என்று பார்ப்பது நின்றுவிடுகிறது, கூடுகளுக்குப் பக்கத்தில் போகும் ஆசையும் அதோடு வருகிறது. பறவையை அடையாளம் காண உதவும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம். தென்னிந்தியத் தொகுப்பை வீட்டு வைஃபையில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். நூறு பக்க நோட்டு, பென்சில். பேனா மை வியர்வையில் கலைந்துவிடும். பஸ், பறக்கும் ரயில் என்று போனால் ஒரு காலைக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. ஆட்டோ சேர்ந்தால் இருநூறு.

5. நேரமும் வெளிச்சமும்

ஐந்தே முக்காலுக்கு இடத்தில் இருங்கள், எட்டரைக்குக் கிளம்பிவிடுங்கள். மாலை என்றால் ஐந்திலிருந்து இருட்டும் வரை. கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, எட்டு மணியே தாராளம்.

பள்ளிக்கரணையில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். நான் சூரியனைப் பார்த்தபடி நின்று, எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, வெயிலை முதுகுல வாங்கிக்கங்க" என்றார். மே, ஜூனில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, வடகிழக்கில் எழுகிறது. ரேடியல் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போவதால், தென்பக்கத்துத் தண்ணீரைப் பார்த்து நின்றால் வெளிச்சம் நம் பின்னாலிருந்து விழும். அவர் சொன்னபடி சாலையைக் கடந்து நின்றேன். அதுவரை கரிய உருவமாக இருந்த நீலத் தாழைக்கோழிக்கு ஊதாவும் பச்சையும் சிவந்த மூக்கும் வந்துவிட்டன. எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை இதுதான்: சூரியன் எங்கே என்று பார்த்துவிட்டு நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர், தொப்பி, முழுக்கைச் சட்டை, உப்பு போட்ட மோர். தலை கிறுகிறுத்தால் அன்றைய பட்டியல் அவ்வளவுதான், நிழலுக்குப் போய்விடுங்கள். முகத்துவாரப் பக்கம் தெருநாய்கள் கூட்டமாக இருக்கும். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள்.

6. கோடையில் ஏமாற்றும் பறவைகள்

வண்ணப் படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் இந்தப் பருவத்தில் திணறுவார்கள். பறவைகள் உடை மாற்றியிருக்கும்.

மடையான் மற்ற மாதங்களில் சேற்று நிறம். கோடையில் முதுகு ஆழ்ந்த மெரூன், தலையில் வெள்ளைக் குஞ்சம். வேறு பறவை என்று நோட்டில் எழுதிவிட்டு, அது பறந்து வெள்ளை இறக்கை தெரிந்தபின் அடித்தேன். உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். பெரிய கொக்கின் மஞ்சள் அலகு கறுத்துவிடும், அதனால் கறுப்பு அலகு என்றதும் சின்னக் கொக்கு என்று முடிவு கட்டாதீர்கள். சின்னக் கொக்கின் கால்விரல்கள் மஞ்சள். சேற்றிலிருந்து காலைத் தூக்கும்வரை காத்திருங்கள்.

குயிலின் குரல் எல்லோருக்கும் தெரியும், பெண் குயிலை அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், அதே சிவந்த கண். "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் தாவும். ஜூனில் காக்கை ஒன்று தன்னைப்போல இல்லாத குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தீர்களானால் அது குயில் குஞ்சு.

தேன்சிட்டுகளில் அலகைப் பாருங்கள். மிக நீண்டு நன்றாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டு. அடிவயிறு மஞ்சளாக இருக்கும் ஆண் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. உடம்பு முழுக்கக் கருநீலமாக மின்னி அலகு அளவாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டு.

கோடைக்கென்றே நான் காத்திருப்பது நீளவால் இலைக்கோழிக்கு. குளிர்காலத்தில் அதற்கு அந்த வால் இல்லை; பார்த்தால் கடந்து போய்விடுவீர்கள். கோடையில் உடம்பு சாக்லேட் நிறமாகி, முகம் வெளுத்து, பிடரியில் தங்கத் தகடு ஒட்டியதுபோல ஒரு மஞ்சள், பின்னால் அரிவாள்போல வளைந்த கரிய வால். அல்லி இலைமேல் நடக்கும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விரிந்து பதியும். இலை ஒரு நூல் அளவு அமுங்கும், முழுகாது. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். ஒரு காலையில் நாற்பது நிமிடம் ஒரே ஆணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்தப் பருவத்தில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்த நாள் அது.

மெர்லின் குரல் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னதும் தேடிப்போய்க் கண்ணால் பாருங்கள், அல்லது அந்தக் குரலை உங்கள் காதே உறுதியாகச் சொல்லும்வரை எழுதாதீர்கள். செயலியில் இருக்கும் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இந்த மூன்று மாதமும் கூடவே கூடாது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

7. கூடு கண்ணில் பட்டால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், நான்கு முட்டைகள் கூர்முனை உள்நோக்கி. முட்டையின் நிறம் மண்ணின் நிறம். கால் வைக்கும்வரை தெரியாது. அதனால் மே மாதத்தில் காலி மனை, வற்றிய ஏரி, சரளை மேடு எதிலும் தடம் இல்லாத இடத்தில் நடக்காதீர்கள். ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால் அது உங்களை வரவேற்கவில்லை, பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்புங்கள்.

அந்தக் காலி மனையில் நான் ஜன்னலிலிருந்தே பார்த்துவந்தேன். பத்து மணிக்கு மேல் ஒன்று நிழல் போட்டு நிற்கும். இன்னொன்று தெருக்கோடியில் தேங்கிய தண்ணீருக்குப் போய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து முட்டைமேல் அமரும். ஈரத்தால் முட்டையைக் குளிர வைக்கிறது. பிறகு இரண்டும் இடம் மாறும். நாள் முழுக்க இதே வேலை. ஒருநாள் கைபேசியில் படம் எடுக்க இரண்டு பையன்கள் மனைக்குள் இறங்கினார்கள். இரண்டு பறவையும் எழும்பிக் கத்தின. முட்டைகள் வெயிலில் கிடந்தன. ஓடிப்போய், "தம்பிகளா, வெளியே வாங்க, முட்டை வெந்துடும்" என்றேன். பையன்கள் பதறிப்போய் உடனே ஏறிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் கிரிக்கெட் பந்து போனால்கூட அவர்களே காவல். விஷயம் தெரிந்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஆகவே: பறவை உங்களைப் பார்த்து எழுந்தால் நீங்கள் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டீர்கள். இலையை விலக்காதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். கூட்டின் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு படத்துக்காக இருபது பேர் வருவார்கள். முட்டையை எடுப்பதோ சேதப்படுத்துவதோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். கீழே விழுந்த குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால், பூனை எட்டாத உயரத்தில் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டினால் திரும்ப அதிலேயே வையுங்கள், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. அடிபட்டிருந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, தண்ணீர் எதுவும் புகட்டாமல், கிண்டி–வேளச்சேரி சாலையில் உள்ள ப்ளூ கிராஸ் போன்ற இடத்துக்கு எடுத்துப் போங்கள்.

8. பார்த்ததைப் பதிவு செய்வது

நோட்டில் எழுதுவதோடு, பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்திலும் ஏற்றுங்கள். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி போதும், கட்டணம் இல்லை. நடக்கத் தொடங்கும்போது செயலியில் பட்டியலைத் திறந்தால் நேரத்தையும் தூரத்தையும் அதுவே கணக்கிடும். கிளம்பும்போது மறக்காமல் நிறுத்துங்கள். நிறுத்தாமல் பஸ் ஏறி, ஆறு கிலோமீட்டர் பறவை பார்த்ததாக ஏற்றியிருக்கிறேன்.

"அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் சேர்த்துவிட்டீர்களா" என்று கடைசியில் கேட்கும். காக்கை, மைனா, மாடப்புறா உட்பட எழுதியிருந்தால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். சாதாரணப் பறவை எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவைதான் குறைகிறதா கூடுகிறதா என்று பிற்பாடு தெரிய வேண்டும். எண்ணிக்கை தோராயமாக இருந்தாலும் எண் போடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஜூன் மாதம் தூரத்தில் தெரிந்த வாத்துகளை ஊசிவால் வாத்து என்று ஏற்றினேன், பதினெட்டு. சில நாளில் தன்னார்வலராகப் பட்டியல்களைச் சரிபார்க்கும் ஒருவரிடமிருந்து பணிவான மின்னஞ்சல்: இந்தப் பருவத்தில் அவை இங்கே இருப்பது அபூர்வம், எப்படி அடையாளம் கண்டீர்கள், படம் உண்டா? யோசித்துப் பார்த்தால் நான் கண்டது கழுத்தை நீட்டி நின்ற உருவத்தை மட்டும்தான். மறுநாள் வெளிச்சம் முதுகில் விழும்படி நின்று பார்த்தேன். அலகு நுனியில் மஞ்சள், அடியில் சிவப்புப் பொட்டு: நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்து. பட்டியலைத் திருத்தினேன். இப்படி மின்னஞ்சல் வந்தால் சங்கடப்படாதீர்கள், இலவசமாகக் கிடைக்கும் பாடம் அது. உறுதியில்லை என்றால் "வாத்து" என்று பொதுவாகவே பதியலாம், அதற்கும் இடம் உண்டு.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டி உலகம் முழுக்க ஒரே நாளில் பறவைகளைக் கணக்கெடுக்கும் குளோபல் பிக் டே வரும். மொட்டை மாடியில் கால் மணி நேரம் நின்று எழுதினாலும் கணக்கில் சேரும். தொடங்க அதுவே நல்ல நாள்.

கூடு, குஞ்சு, இணைசேர்தல் எதைக் கண்டாலும் அதற்கான குறியீட்டையும் பட்டியலில் சேர்க்கலாம். ஆள்காட்டி முட்டையிலிருந்து குஞ்சு வர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். முதலில் பார்த்த தேதியை எழுதி வைத்தால் எப்போது கவனமாகப் பார்க்க வேண்டும் என்று தெரியும். எங்கள் தெருமுனையில் ஜூன் 9-ஆம் தேதி காலை, பஞ்சு உருண்டைபோல மூன்று குஞ்சுகள் கற்களுக்கு நடுவே ஓடின. நான்காவது முட்டை பொரியவில்லை. அப்பனோ ஆத்தாளோ தெரியவில்லை, ஒன்று கத்தியது. மூன்றும் சட்டென்று தரையோடு படுத்துக் கல்லாகிவிட்டன. ஜன்னலில் என் பக்கத்தில் நின்ற மகள் நோட்டை வாங்கி, தேதிக்குப் பக்கத்தில் "3" என்று எழுதினாள்.